மண்ணின் நாசியில் கடவுளின் மூச்சு

எகிப்தின் பழைய கோயில் சுவர்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்கிறது. தெய்வம் ஒன்று, அங்க் என்னும் உயிர்ச் சின்னத்தைக் கையில் பிடித்து, எதிரே நிற்கும் அரசனின் மூக்கருகே நீட்டுகிறது. உயிர்மூச்சு தெய்வத்திடமிருந்து அரசனுக்கு வருகிறது என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அது அரசன் வழியாகத்தான் வர வேண்டும். 1887இல் அமர்னாவில் கிடைத்த களிமண் பலகைக் கடிதங்களில் இந்த நம்பிக்கை வெளிப்படையாகவே பேசுகிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் கானான் பக்கத்துச் சிற்றரசர்கள் பார்வோனுக்கு அனுப்பிய கடிதங்களும் அவற்றில் உண்டு. பெய்ரூத்தின் தலைவர் பார்வோனைத் தன் உயிரின் மூச்சு என்று அழைக்கிறார். தீருவின் தலைவர் அபிமில்கு, தன் இனிய மூச்சினால் உயிர் கொடுக்கிறவர் என்று அவரைப் புகழ்கிறார். கப்பம் கட்டுகிறவன் மூச்சு விடுவதுகூட மேலே இருப்பவரின் தயவில்தான் என்பது அன்றைய அரசியல்.

இந்தப் பின்னணியோடு ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்துக்கு வந்தால், பழகிப்போன வசனம் வேறு மாதிரி கேட்கும். "தேவனாகிய கர்த்தர் மனுஷனைப் பூமியின் மண்ணினாலே உருவாக்கி, ஜீவசுவாசத்தை அவன் நாசியிலே ஊதினார், மனுஷன் ஜீவாத்துமாவானான்." மூக்கு இருக்கிறது, மூச்சு இருக்கிறது, கொடுக்கிற கடவுள் இருக்கிறார். அரசனை மட்டும் காணோம். அரசன் நின்ற இடத்தில் மண்ணாலான ஓர் உருவம் கிடக்கிறது. அதற்கு இன்னும் பேர்கூட இல்லை, வெறும் மனுஷன். நடுவில் தரகர் யாரும் இல்லாமல், கடவுளின் வாயிலிருந்து நேராக அதன் நாசிக்கு மூச்சு போகிறது.

கிறிஸ்தவ நம்பிக்கையில் கடவுளின் மூச்சைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் இங்கிருந்து கிளம்புகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இதுதான்: வேதம் நெடுக அந்த மூச்சு கீழ்நோக்கியே வருகிறது. மண்ணுக்கு வருகிறது, காய்ந்த எலும்புகளுக்கு வருகிறது, பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த சிலருக்கு வருகிறது. தன்னிடம் உயிர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களைத் தேடி அது போனதாகத் தெரியவில்லை.

ஆதியாகமக் காட்சியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு நாசியில் ஊத வேண்டுமென்றால் முகத்தை முகத்தருகே கொண்டுபோக வேண்டும். அணையப்போகும் நெருப்புத் துண்டை ஊதுகிறவர் அடுப்புவாய் வரைக்கும் குனிகிற மாதிரி, படைத்தவர் மண் வரைக்கும் குனிந்தாக வேண்டும். வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மிக்கேலாஞ்சலோ 1508க்கும் 1512க்கும் இடையில் தீட்டிய ஓவியம்தான் இன்று பெரும்பாலோர் மனதில் ஆதாமின் படைப்பாகப் பதிந்திருக்கிறது. அங்கே இரண்டு விரல்கள், நடுவில் ஒரு சிறிய இடைவெளி. அழகான ஓவியம், மறுக்கவில்லை. ஆனால் வேதம் சொல்கிற நெருக்கம் அதில் இல்லை. விரல் நீட்டுவதைத் தள்ளி நின்றும் செய்யலாம், ஊதுவதை அப்படிச் செய்ய முடியாது.

சரி, வந்த மூச்சு யாருடையது? எபிரேய வேதத்தின் பதில் ஒளிவுமறைவில்லாதது: கொடுத்தவருடையது. எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபு, தன் நாசியில் இருப்பது தேவன் தந்தது என்று சொல்லித்தான் வாதாடுகிறான். 104ஆம் சங்கீதம் இதை மனிதரோடு நிறுத்துவதில்லை. கொக்கும் வரையாடும் சிங்கக்குட்டியும் கடலில் நெளிகிற எண்ணற்ற ஜீவன்களும் அந்தப் பாட்டில் வரிசையாக வருகின்றன. பிறகு இப்படி: "நீர் அவைகளின் சுவாசத்தை வாங்கிக்கொள்ள, அவைகள் மாண்டு, தங்கள் மண்ணுக்குத் திரும்பும். நீர் உம்முடைய ஆவியை அனுப்பும்போது, அவைகள் சிருஷ்டிக்கப்படும்." தமிழில் முதல் வரியில் சுவாசம், அடுத்த வரியில் ஆவி. மூலத்தில் இரண்டும் ரூவாக் என்கிற ஒரே சொல். அதற்குக் காற்று என்றும் பொருள் உண்டு. விலங்கின் மூச்சும் கடவுளின் ஆவியும் ஒரே பெயரில், அடுத்தடுத்த வரிகளில் நிற்பதைச் சங்கீதக்காரன் தெரிந்தேதான் செய்திருக்கிறான். பிரசங்கி இன்னும் கறாரானவர். மனிதனுக்கும் மிருகத்துக்கும் ஒரே சுவாசம்தான், அதில் மனிதனுக்கு என்ன மேன்மை என்று கேட்டுவிடுகிறார்.

மூச்சு கடவுளுடையது என்றால், ஒருவரின் மூச்சைப் பறிப்பது கடவுளின் பொருளில் கை வைப்பது. கொலை இஸ்ரவேலில் வெறும் ஆள்களுக்கிடையிலான தகராறாக முடிந்துவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைக்கும் நம் ஊர்களில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடப்பட்டு விஷவாயுவில் மூச்சுத் திணறிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள். 2013இல் வந்த சட்டம் தடை செய்த பிறகும் இருக்கிறார்கள். அப்படி இறக்கிவிடப்படுகிறவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஜீவசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற சபைகள் இந்தச் சாவுகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது எனக்கு விளங்கவே இல்லை. ஆதியாகமம் 2:7ஐ நம்புகிறவர்களுக்கு இது ஏதோ வெளி விவகாரம் இல்லையே.

கடவுளின் மூச்சு எப்போதும் மென்மையானது என்றும் நினைத்துவிடக் கூடாது. யாத்திராகமத்தில் செங்கடலைக் குவித்து நிறுத்தியதும், பிறகு பார்வோனின் படையைக் கடல் மூடச் செய்ததும் அந்த மூச்சுதான். ஏசாயாவில் அது பட்டால் புல் உலர்ந்து பூ உதிர்கிறது. எளியவர்களுக்கு நியாயம் செய்ய வரும் அரசர் தம் வாயின் சுவாசத்தால் துன்மார்க்கரை அழிப்பார் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. உயிர் கொடுக்கிற மூச்சுதான் தீர்ப்பும் சொல்கிறது.

இப்போது எருசலேமுக்கு வருவோம். இஸ்ரவேலருக்கும் ஒரு கட்டத்தில் எகிப்தின் பழக்கம் தொற்றிக்கொண்டது. கி.மு. 586ஐ ஒட்டி பாபிலோன் படை நகரத்தை உடைத்து உள்ளே வந்தபோது, சிதேக்கியா ராஜா இரவோடு இரவாகத் தப்பி ஓடினான். எரிகோ சமவெளியில் அவனைப் பிடித்தார்கள். அவன் கண்ணெதிரே அவன் பிள்ளைகளைக் கொன்றுவிட்டு, பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். புலம்பல் நூலின் நான்காம் அதிகாரம் அந்த வீழ்ச்சியைத்தான் அழுகிறது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அதில் ராஜாவைப் பற்றி வருகிற சொற்கள்: "எங்கள் நாசியின் சுவாசமாயிருந்தவன்". அமர்னா கடிதங்களில் கேட்ட அதே பேச்சு. ராஜாவையே மூச்சாக வைத்திருந்த ஜனத்துக்கு, ராஜா பிடிபட்டதும் மூச்சும் போய்விட்டது.

எசேக்கியேல் 37ஐ இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். எசேக்கியேல் கி.மு. 597இலேயே, முதல் சுற்றில் நாடு கடத்தப்பட்ட ஆசாரியன். பாபிலோனியாவில் கேபார் ஆற்றங்கரையில் அகதிகளோடு வாழ்ந்தவன். அந்த ஜனங்கள் அப்போது சொல்லிக்கொண்டிருந்ததை அந்த அதிகாரமே பதிவு செய்கிறது: எங்கள் எலும்புகள் உலர்ந்துபோயின, எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று. தரிசனத்தில் கடவுள் அந்தப் புலம்பலை எடுத்து அப்படியே ஒரு பள்ளத்தாக்காக விரித்துக் காட்டுகிறார். எலும்புகள், மிகவும் உலர்ந்தவை, தரை முழுக்க. புதைக்கக்கூட ஆளில்லாமல் போர்க்களத்தில் விடப்பட்டவர்களின் எலும்புகள். இவை உயிரடையுமா என்று கேள்வி வருகிறது. அடையும் என்றும் தீர்க்கதரிசி சொல்லவில்லை, அடையாது என்றும் சொல்லவில்லை. தேவரீர் அதை அறிவீர் என்கிறான். ஒரு இனத்தின் அழிவைக் கண்ணால் பார்த்தவன் அதற்கு மேல் என்ன சொல்வான்?

பிறகு நடப்பதுதான் இந்த அதிகாரத்தின் உயிர்நாடி. அவன் சொல்லச் சொல்ல ஓர் இரைச்சல், ஓர் அசைவு, எலும்போடு எலும்பு சேர்கிறது. நரம்பு வருகிறது, சதை வருகிறது, மேலே தோல் மூடுகிறது. பார்த்தால் முழு மனிதர்கள். ஆனால் "அவைகளில் ஆவி இல்லாதிருந்தது" என்று எட்டாம் வசனம் நிறுத்துகிறது. பள்ளத்தாக்கு முழுக்க இப்போது பிணங்கள். எலும்புக்கூடாய் இருந்ததைவிட இது இன்னும் பயங்கரம். எல்லா உறுப்பும் அதனதன் இடத்தில் இருந்தும் உயிர் இல்லை. அதற்கு மேலே நான்கு திசைக் காற்றையும் கூப்பிட்டு, கொலையுண்ட இவர்கள்மேல் ஊது என்று கட்டளை போகிறது. முதல் பதினான்கு வசனங்களுக்குள் ரூவாக் என்ற சொல் பத்து முறை வருகிறது. ஒரு சமயம் அது காற்று, ஒரு சமயம் மூச்சு, ஒரு சமயம் கடவுளின் ஆவி, சில சமயம் எது என்று பிரிக்கவே முடியாது.

சிரியாவில் யூப்ரத்தீசு கரையோரம் துரா எவ்ரோப்போஸ் என்ற ஊரில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டு யூத ஜெபாலயம் ஒன்றை 1932இல் தோண்டி எடுத்தார்கள். அதன் சுவரில் இந்தப் பள்ளத்தாக்கை வரைந்திருக்கிறார்கள். சிதறிய தலைகள், கைகால்கள், அப்புறம் தரையில் கிடக்கும் முழு உடல்கள். அவற்றை நோக்கி இறக்கை வைத்த சிறு உருவங்கள் வருகின்றன, அவைதான் மூச்சு. காற்றை எப்படி வரைவது என்று அந்த ஓவியர் பட்ட பாடு தெரிகிறது. இந்த மூச்சு அரசன் வழியாக வரவில்லை என்பதையும் கவனிக்கலாம். சிதேக்கியா குருடனாகிச் சிறையில் கிடக்கிறான். மூச்சு எங்கிருந்தோ, நான்கு பக்கத்திலிருந்தும் வருகிறது, அதுவும் அந்நிய தேசத்தில்.

600க்கும் அதிகமான ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட யோவான் நற்செய்தி, இந்தக் கதைகளையெல்லாம் ஒரே அசைவுக்குள் கொண்டுவருகிறது. இயேசு உயிர்த்தெழுந்த நாளின் சாயங்காலம். சீஷர்கள் யூதத் தலைவர்களுக்குப் பயந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இயேசு நடுவில் வந்து நிற்கிறார், உங்களுக்குச் சமாதானம் என்கிறார். கைகளையும் விலாவையும் காட்டுகிறார். மறுபடியும் சமாதானம் என்கிறார். பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன் என்கிறார். அதன் பிறகு, "அவர்கள்மேல் ஊதி: பரிசுத்த ஆவியைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார்.

இங்கே ஊதினார் என்பதற்கு யோவான் போட்டிருக்கும் கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் வருகிறது. ஆதாமின் நாசியில் கடவுள் ஊதும் இடத்தில் அதே வினை. எசேக்கியேலின் பள்ளத்தாக்கில் காற்றை ஊதச் சொல்லும் இடத்திலும் அதே வினை. இன்னும் ஓரிடம் உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. சாறிபாத் ஊர் விதவையின் மகன் இறந்துபோனபோது எலியா அந்தப் பிள்ளையின்மேல் மூன்று தரம் குப்புற விழுந்தான் என்று எபிரேயப் பிரதி சொல்கிறது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அங்கே மூன்று தரம் ஊதினான் என்று எழுதிவிட்டார்கள், அதே வினையால். ஆதாம், செத்த இனம், செத்த பிள்ளை: மூன்றிலும் உயிர் இல்லாத ஒன்றின்மேல்தான் ஊதுகிறார்கள். யோவானின் முதல் வாசகர்களுக்கு இந்த எதிரொலி கேட்காமல் இருந்திருக்காது. பூட்டிய அறைக்குள் இருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தாலும், யோவானின் பார்வையில் அவர்களும் இன்னும் மூச்சு பெறாத களிமண்தான்.

ஊதியவரின் நிலையையும் யோவான் விடவில்லை. ஒரு அதிகாரம் முன்னால், சிலுவையில் தலையைச் சாய்த்து ஆவியை ஒப்புக்கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார். தம் மூச்சைக் கடைசிவரை கொடுத்து முடித்தவர்தான், ஆணித் தழும்பைக் காட்டிவிட்டு, இப்போது மூச்சு கொடுக்கிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இதையே தன் பாணியில் சொல்கிறார்: முந்தின ஆதாம் ஜீவாத்துமாவானான், பிந்தின ஆதாம் உயிர்ப்பிக்கிற ஆவியானார். முதலாமவன் மூச்சு வாங்கியவன், இரண்டாமவர் மூச்சு தருகிறவர். கிறிஸ்துவைப் பற்றிய இந்தக் கூற்று எவ்வளவு பெரியது என்று பழகிய காதுக்கு உறைப்பதில்லை. மண்ணில் ஊதும் வேலை ஆதியாகமத்தில் கடவுள் ஒருவருக்கே உரியது.

உடனே ஒரு கேள்வி வரும். ஆவியானவர் ஐம்பது நாள் கழித்து, பெந்தெகொஸ்தே அன்று பலத்த காற்று அடிப்பதுபோன்ற முழக்கத்தோடுதானே வந்தார், அப்படியானால் இந்தச் சாயங்காலம் கொடுக்கப்பட்டது என்ன? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மொப்சுவெஸ்தியா ஆயர் தெயோதோர், ஊதியது ஓர் அடையாளம் மட்டுமே, ஆவி அப்போது உண்மையில் தரப்படவில்லை என்று விளக்கியதாகச் சொல்லப்பட்டது. அவர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு, 553இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் அவரைக் கண்டித்தபோது இந்த விளக்கத்தையும் குற்றப்பட்டியலில் சேர்த்தது. செத்தவர் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கண்டித்தது நியாயமா என்பது வேறு வழக்கு. ஆனால் அந்த அறையில் நடந்தது ஒத்திகை இல்லை, உண்மையான கொடை என்று திருச்சபை உறுதியாக நின்றது முக்கியம். மன்னிப்பதற்கான அதிகாரம் அன்று, சாட்சி சொல்லும் வல்லமை பெந்தெகொஸ்தேயில் என்று பலர் பிரித்து விளக்குகிறார்கள். லூக்காவும் யோவானும் ஒரே கொடையை இருவேறு விதமாகச் சொல்கிறார்கள் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

இதைவிட ஆழமான விவாதம் ஒன்று அதற்கு முன்பே நடந்தது. ஆதாமுக்குள் ஊதப்பட்ட மூச்சும் பரிசுத்த ஆவியும் ஒன்றா? ஒன்றுதான் என்றால் மனிதருக்குள் பிறவியிலேயே கடவுளின் ஒரு துண்டு இருக்கிறது என்றாகிவிடும். இரண்டாம் நூற்றாண்டின் ஞானவாதக் குழுக்களில் வாலந்தீனர்கள் ஏறத்தாழ அப்படித்தான் போதித்தார்கள். சிலருக்குள் மட்டும் தெய்வ வித்து ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது, அவர்கள் இயல்பிலேயே ஆவிக்குரியவர்கள், மற்றவர்களில் சிலர் ஆன்மா நிலையில் நடுவில் இருப்பவர்கள், மீதிப்பேர் வெறும் சதை என்றார்கள். பிறப்பால் உயர்வு தாழ்வு சொல்லும் எந்த அமைப்பும் அங்கேதான் போய் நிற்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லியோன் நகர ஆயர் இரேனேயு, 180ஐ ஒட்டி இதற்குப் பதில் எழுதினார். ஏசாயா 42:5இல் ஜனத்துக்குச் சுவாசமும் நடமாடுகிறவர்களுக்கு ஆவியும் என்று இரண்டாகச் சொல்லியிருப்பதைக் காட்டி, மூச்சு எல்லா மனிதருக்கும் பொதுவானது, கொஞ்ச காலத்துக்கானது என்றார். உயிரளிக்கும் ஆவி கடவுளுக்கே உரியவர், என்றும் நிலைத்திருப்பவர், அவர் அருளாக வருகிறார் என்றார். அகுஸ்தீனாரும் பிற்காலத்தில் இதே பிரிவினையைச் செய்தார். ஆன்மா கடவுள் படைத்தது, கடவுளின் ஒரு பகுதி இல்லை என்று மானி மதத்தாரோடு வாதாடிப் பழகியவர் அவர்.

இந்தப் பிரிவினையால் ஒரு நன்மை கிடைத்தது. யாரும் பிறப்பால் ஆவிக்குரியவர் கிடையாது, யாரும் பிறப்பால் விலக்கப்பட்டவரும் கிடையாது. முதல் மூச்சில் அனைவரும் சமம், இரண்டாவதை அனைவரும் இலவசமாகத்தான் பெற வேண்டும். ஆனால் ஒரு நஷ்டமும் வந்தது. காலப்போக்கில் இரண்டும் வெகுதூரம் விலகிப்போய், ஆவியானவர் ஆலயத்துக்குள் மட்டும் வேலை செய்கிறவர் போலவும், வெளியே மரமும் மாடும் மனிதரும் மூச்சு விடுவதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை போலவும் பேச்சு வந்துவிட்டது. 104ஆம் சங்கீதம் அப்படிப் பேசவில்லை.

325இல் நிசேயாவில் எழுதிய விசுவாச அறிக்கை, பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம் என்பதோடு முடிந்துவிட்டது. விளக்கமே இல்லை. அந்த வெற்றிடத்தில், ஆவியானவர் ஏவல் செய்யும் படைப்பு என்று சொல்பவர்கள் கிளம்பினார்கள். செசரியா ஆயர் பசிலியு 370களில் அவர்களுக்கு மறுப்பு எழுதினார். அவர் 379இல் இறந்த பிறகு, 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கத்தோடு இணைத்து வழங்கும் அறிக்கையில்தான் ஆண்டவர் என்றும் உயிர் அளிப்பவர் என்றும் வாசகம் சேர்ந்தது. ஆவியானவரைக் கடவுள் என்று அந்த அறிக்கை நேராக எழுதவில்லை. உயிர் அளிப்பவர் என்றது, பிதாவோடும் குமாரனோடும் ஆராதிக்கப்படுகிறவர் என்றது. வாதம் எளிமையானது: உயிரை வாங்குவது படைப்பு, உயிரைக் கொடுப்பது கடவுள். இவர் கொடுக்கிறார், ஆகவே இவர் படைப்பு வரிசையில் நிற்க முடியாது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் வேகமாகச் சொல்லிக் கடந்துபோகிற அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இத்தனை சண்டை இருக்கிறது.

வழிபாட்டிலும் இந்த மூச்சு தங்கியிருக்கிறது. பழைய இலத்தீன் முறையில் ஞானஸ்நானத்தின் தொடக்கத்தில் குரு குழந்தையின் முகத்தில் மூன்று முறை மெல்ல ஊதி, அசுத்த ஆவியை விலகச் சொல்லுவார். 1969இல் வந்த புதிய சடங்கு முறையில் இது இல்லை. மார்ட்டின் லூத்தர் 1523இல் வெளியிட்ட ஞானஸ்நான முறையில் ஊதுவதை வைத்திருந்தார், 1526இல் சுருக்கியபோது எடுத்துவிட்டார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் குரு இன்றும் ஊதுகிறார்.

கத்தோலிக்கரிடம் இது இன்னும் உயிரோடிருக்கும் இடம், புனித வாரத்தில் ஆயர் எண்ணெய்களை அர்ச்சிக்கும் திருப்பலி. மறைமாவட்டக் குருக்கள் எல்லாரும் பேராலயத்தில் கூடியிருப்பார்கள். ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்து கிறிஸ்மா தயாராகும். ஆயர் திறந்த பாத்திரத்தின் வாய்ப்பக்கம் குனிந்து அதன்மேல் ஊதுவார். ஊதுவதற்கு வார்த்தை எதுவும் கிடையாது, பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அந்த எண்ணெய் பிறகு சிறு குப்பிகளில் பங்குகளுக்குப் போய், ஆண்டு முழுக்க ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளின் தலையிலும், உறுதிப்பூசுதல் பெறுகிறவர்களின் நெற்றியிலும், புதுக் குருக்களின் கைகளிலும் பூசப்படும். 2020இல் கொரோனா பரவியபோது, இந்தத் திருப்பலியை வேறு தேதிக்குத் தள்ளிவைக்க ஆயர்களுக்கு வாடிகன் அனுமதி கொடுத்தது. பக்கத்தில் இருப்பவரின் மூச்சைப் பார்த்தே பயந்த காலம் அது. அடுத்த ஆண்டே ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஓடினோம். மூச்சு நம் சொத்து இல்லை என்பது யோபுவைப் படிக்காதவர்களுக்கும் அந்த நாட்களில் புரிந்தது.

தனி ஜெபத்திலும் மூச்சுக்கு இடம் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்துத் தலைவராயிருந்த யோவான் கிளிமாக்கஸ், இயேசுவின் நினைவு உன் ஒவ்வொரு மூச்சோடும் சேரட்டும் என்று துறவிகளுக்கு எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் அதோஸ் மலைத் துறவிகள் இயேசுவின் பெயரைச் சொல்லும் ஜெபத்தை மூச்சோடு இணைத்துச் செய்தபோது, பர்லாம் என்ற அறிஞர் அவர்களைக் கேலி செய்தார். கிரகோரி பாலமாஸ் அவர்களுக்காக வாதாடினார், 1341இலும் 1351இலும் சங்கங்கள் பாலமாஸ் பக்கம் நின்றன. மேற்கே இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், பரலோக மந்திரத்தை ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்லும் முறையைக் கற்றுக்கொடுத்தார். ஆனால் மூச்சுப் பயிற்சியால் ஆவியானவரை வரவழைக்கலாம் என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. அலைகிற மனதை அடக்க, குறிப்பாகத் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அது உதவும் என்பதுதான் பாலமாஸின் வாதம். காற்று தனக்கு இஷ்டமான இடத்தில் வீசுகிறது என்று நிக்கொதேமுவிடம் இயேசு சொன்னதை அவர் மறந்துவிடவில்லை.

நம் ஊர் எழுப்புதல் கூட்டங்களில் ஆவியானவரைப் பற்றிப் பேசும்போது அக்கினி, அபிஷேகம், அந்நியபாஷை என்று வருகிற அளவுக்கு மூச்சு வருவதில்லை. அக்கினிக்கும் அபிஷேகத்துக்கும் வேதத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றை மட்டுமே கேட்டு வளர்கிறவர்களுக்கு, ஆவியானவர் என்றாலே ஒரு பெரிய அனுபவம், உடல் அதிர வேண்டும், நாக்கு புரள வேண்டும் என்று ஆகிவிடுகிறது. அது வராதவர்கள் தங்களிடம் ஏதோ குறை என்று உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். மூச்சின் கதை அவர்களுக்கு வேறொன்று சொல்லும். யோவானின் அந்தச் சாயங்காலத்தில் எவரும் ஆடவில்லை, எவரும் விழவில்லை. ஊதியவுடன் இயேசு பேசியது மன்னிப்பைப் பற்றி: எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவைகள் அவர்களுக்கு மன்னிக்கப்படும். கத்தோலிக்கர் இதில் பாவசங்கீர்த்தனத்தின் அடித்தளத்தைப் பார்க்கிறார்கள், 1551இல் திரெந்து சங்கம் இந்த வசனத்தையே மேற்கோள் காட்டியது. ஆங்கிலிக்கன் குருப்பட்ட ஜெபத்திலும் இந்தச் சொற்கள் ஏறின. சீர்திருத்த சபைகளில் பலர், நற்செய்தியை அறிவிக்கும் எல்லா விசுவாசிகளுக்கும் இது பொருந்தும் என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், உயிர் தரும் மூச்சு முதலில் கொண்டுவந்து சேர்த்தது ஒரு வேலையை, இன்னொருவரின் கட்டை அவிழ்க்கிற வேலையை.

அடுத்த காட்சியையும் அதே அதிகாரம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. எட்டு நாளைக்குப் பின்பு சீஷர்கள் மறுபடியும் வீட்டுக்குள், கதவுகள் பூட்டியிருந்தன என்கிறது 26ஆம் வசனம். கர்த்தரைக் கண்டோம் என்று தோமாவிடம் சொல்லியும் பார்த்தார்கள், அவன் நம்பவில்லை. ஊதப்பட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது, பூட்டு இன்னும் திறக்கவில்லை. இயேசு வந்தபோது அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, கொடுத்த மூச்சு பலிக்கவில்லை என்று இரண்டாம் முறை ஊதவும் இல்லை. உங்களுக்குச் சமாதானம் என்று சொல்லிவிட்டு, கையை நீட்டு என்று தோமாவிடம் பேசப் போனார். என்னிடம் ஆவியானவர் இல்லையோ என்று கலங்கி வருகிறவர்களுக்கு, போதகர்களும் குருக்களும் 22ஆம் வசனத்தோடு நிறுத்திவிடாமல் இந்த 26ஆம் வசனத்தையும் சேர்த்துப் படித்துக் காட்ட வேண்டும்.